பதினொரு லேப்டாப்பும் மூன்றாம் பக்கமும்

எதையும் முழுதாகப் படிக்காமல் கையெழுத்துப் போடுகிற பழக்கம் எனக்கு ஒரு காலத்தில் இருந்தது. இப்போது இல்லை. திருந்திவிட்டேன் என்று நினைத்துவிட வேண்டாம், திருத்தப்பட்டேன். இன்றைக்கும் வீட்டுக்குக் கூரியர்காரர் வந்து ஒரு தாளை நீட்டினால், நான் பேனாவைத் திறப்பதற்குள் அடுக்களையிலிருந்து என் வீட்டுக்காரியின் குரல் வந்துவிடும்.

"மூணாம் பக்கம் படிச்சாச்சா?"

கூரியர்காரர் பாவம், தாளைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பார். இருப்பது ஒரே பக்கம்தான். அவருக்கு விளக்கம் சொல்ல எனக்கு வெட்கம், அவளுக்கோ ஆசை. ஒவ்வொரு முறையும் அவள் விளக்கிக்கொண்டிருப்பதால் எங்கள் வீட்டுக்குப் பார்சல் கொண்டுவருகிறவர்கள் வாசலில் நின்று விசிலடித்துவிட்டு ஓடிவிடுகிறார்கள். அவள் சொல்லும் கதையில் நான் கொஞ்சம் கூடுதல் முட்டாளாக வருவதால், நானே எழுதிவிடுவது நல்லது என்று தோன்றியது.

கேரள எல்லையில், குன்னத்துகாலுக்குப் பக்கத்தில் ஒரு பள்ளிக்கூடம். ஒரே கூரைக்குக் கீழே தமிழ் வகுப்புகளும் உண்டு, மலையாள வகுப்புகளும் உண்டு. நான் தமிழ்ப் பிள்ளைகளுக்குச் சமூக அறிவியல் எடுப்பவன், அதிலும் வரலாறு என்றால் எனக்கு உயிர். ஆனால் பள்ளியில் என் பெயர் வரலாறு சார் அல்ல, கம்ப்யூட்டர் சார். எங்கள் கம்ப்யூட்டர் அறையில் இருந்த பன்னிரண்டு லேப்டாப்பும் லினக்ஸ் என்ற இலவச இயங்குதளத்தில் ஓடுபவை. அதைப் பார்த்துக்கொள்ள ஓர் ஆள் வேண்டும் என்று பயிற்சிக்கு அனுப்பினார்கள். அன்றைக்கு மற்ற எல்லோருக்கும் வீட்டில் ஏதோ விசேஷம் இருந்ததால் நான் போனேன்.

பயிற்சி முடிந்து வந்தபிறகு எனக்கு நடையே மாறிவிட்டது. திரையில் கறுப்பு ஜன்னலைத் திறந்து நான் நாலு வரி கட்டளை தட்டினால், சுற்றி நிற்கிற ஆசிரியர்கள் பேச்சை நிறுத்திவிடுவார்கள். அந்த நாலில் மூன்று வரி தேவையே இல்லாதவை (ஒரு கெத்துக்குத் தட்டுவது, வேறென்ன). யாராவது "சார், பிரிண்டர் ஓடல்ல" என்று வந்தால் வயரைச் செருகிவிடாமல், முதலில் கறுப்பு ஜன்னலைத் திறந்து தேதி என்ன என்று லினக்ஸிடம் கேட்பேன். அது சொல்லும். பிறகு வயரைச் செருகுவேன்.

எனக்கு இருந்த ஒரே பலவீனம் சர்க்குலர். மேலிடத்திலிருந்து வருவதெல்லாம் மலையாளத்தில் வரும். மலையாளம் பேசச் சொன்னால் பாறசாலை பஸ் ஸ்டாண்டில் எவனோடும் சண்டை போடும் அளவுக்குப் பேசுவேன். படிக்கச் சொன்னால் மட்டும் எழுத்துக்கூட்டிக்கூட்டி, ஒரு பக்கம் முடிவதற்குள் காப்பி ஆறிவிடும். அதனால் எனக்கென்று ஒரு முறை வைத்திருந்தேன். முதல் பக்கம் படிப்பேன், எதைப் பற்றி என்று தெரிந்துவிடும். கடைசிப் பக்கம் படிப்பேன், எப்போது என்று தெரிந்துவிடும். நடுவில் இருப்பது வழக்கமான புலம்பலாகத்தான் இருக்கும் என்பது என் அசைக்க முடியாத நம்பிக்கை.

சர்க்குலரைச் சுற்றுக்குக் கொண்டுவந்து கையெழுத்து வாங்குவது லேகா டீச்சரின் பொறுப்பு. பூவார்க்காரர், மலையாள ஆசிரியை. ஒழுங்கு என்றால் அப்படி ஓர் ஒழுங்கு. பள்ளிக்கூட ஸ்டேப்ளரை ஒருவர் மறந்து வீட்டுக்குக் கொண்டுபோனதற்காக, ஸ்டாஃப் மீட்டிங்கில் எழுந்து நின்று பத்து நிமிடம் பேசியவர். (அந்த ஒருவர் நான்தான்.) பத்தாம் வகுப்பு கம்ப்யூட்டர் செய்முறைத் தேர்வுக்கான சர்க்குலரையும் அவர்தான் கொண்டுவந்தார்.

"சாரே, அஞ்சு பக்கம் உண்டு. படிச்சிட்டு ஒப்பிடணும்."

"படிச்சாச்சு டீச்சரே" என்று என் ஒப்பை, அதாவது கையெழுத்தை, போட்டு நீட்டினேன்.

"எப்ப? நான் இப்பந்தானே கொண்டு வாறேன்."

"எனக்கு இந்த விஷயமெல்லாம் மனப்பாடம் ஆக்கும்" என்றேன். அவர் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போனார். அந்தப் பார்வையை அன்றைக்கு நான் வியப்பு என்று எடுத்துக்கொண்டேன்.

தேர்வுக்கு முந்தின நாள் மத்தியானம். எங்கள் பக்கம் வீட்டில் ஒரு விசேஷம் என்றால் முதல் நாளே வீட்டைக் கழுவி, ஒட்டடை அடித்து, முற்றம் பெருக்கிவிட வேண்டும். வெளிப் பள்ளியிலிருந்து எக்ஸாமினர் வருவது விசேஷம் அல்லாமல் என்ன? தரையைக் கழுவியாயிற்று. கீபோர்டுகளைத் தலைகீழாகத் தட்டி, பல வருடத்து மிக்சர் துணுக்குகளை வெளியேற்றியாயிற்று. எல்லாம் பளபள. ஆனால் ஒவ்வொரு லேப்டாப்பிலும் மூலையில் ஓர் அறிவிப்பு மட்டும் நின்றுகொண்டிருந்தது. நூற்றுக்கணக்கில் அப்டேட் பாக்கி இருக்கிறதாம். வருகிற எக்ஸாமினர் இதைப் பார்த்தால் இந்தப் பள்ளியில் கம்ப்யூட்டர் தெரிந்த ஒருவரும் இல்லை என்றல்லவா நினைப்பார்?

உட்கார்ந்தேன். கறுப்பு ஜன்னல், நாலு வரி, அப்டேட். ஒன்று முடிந்து ஒன்றாகப் பதினொரு லேப்டாப். பன்னிரண்டாம் நம்பர் அலமாரியில் இல்லை. தலைமையாசிரியை அறையில் இருக்கும் என்று விட்டுவிட்டேன். எல்லாம் முடிந்தபின், வேலை சுத்தமாக இருக்க வேண்டும் என்பதற்காக இன்னொரு காரியமும் செய்தேன். லினக்ஸ் முன்பு இறக்கிய பேக்கேஜ்களின், அதாவது மென்பொருள் பொட்டலங்களின், நகல்களை ஓர் ஓரத்தில் சேர்த்து வைத்திருக்கும். இனி எதற்கு அந்தக் குப்பை என்று ஒரே கட்டளையில் பதினொன்றிலும் துடைத்தெறிந்தேன். அறையைப் பூட்டும்போது ஒருமுறை திரும்பிப் பார்த்தேன். அந்த அளவுக்கு மனநிறைவு அதற்குமுன் எனக்குக் கிடைத்ததில்லை.

மறுநாள் காலை எட்டேகாலுக்கு வந்து முதல் லேப்டாப்பில் தேர்வு மென்பொருளைத் திறந்தேன். திறந்தது. உடனே மூடிக்கொண்டது. இன்னொரு முறை திறந்தேன். என்னைப் பார்த்ததும் கதவைச் சாத்துகிற மாதிரி மறுபடியும் மூடிக்கொண்டது. இரண்டாவது லேப்டாப், மூன்றாவது, பதினொன்றாவது, எல்லாம் அதே கதை. புதிதாக வந்த ஏதோ சில பேக்கேஜ்கள் தேர்வு மென்பொருளுக்கு ஒத்துப்போகவில்லை. அதற்குப் பழையதுதான் வேண்டுமாம்.

பத்து மணிக்குத் தேர்வு. முதல் அணியில் பத்துப் பிள்ளைகள், எல்லாம் என் தமிழ் வகுப்புப் பிள்ளைகள். இங்கே நடக்காவிட்டால் இன்னொரு நாள் வேறு பள்ளிக்குப் போய், முன்பின் தெரியாதவர்கள் முன்னால் எழுத வேண்டும். வராந்தாவில் ஒரு பெண்பிள்ளை எட்டிப் பார்த்து, "சாரே, இன்னைக்கு பரீட்சை உண்டுல்லா? நான் ராவிலே எழும்பிப் படிச்சேன்" என்றது. உண்டு மக்கா, போய் இரி என்றேன். எனக்கு மெமோ வந்தால் அது என் பாடு. அந்தப் பிள்ளைகள் என்ன பாவம் செய்தார்கள்?

தலைமையாசிரியை வசந்தா டீச்சரிடம் போய் உண்மையைச் சொன்னேன். ஓய்வுபெற மூன்று மாதம் இருந்தவர். எதற்கும் பதறாதவர். மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டுக் கேட்டார்.

"போட்டத திரும்ப எடுக்க முடியுமா?"

"முடியும் டீச்சர்."

"தெரிஞ்சுதான் சொல்லுதீங்களா, இல்ல சும்மாவா?"

"சும்மாதான் டீச்சர்" என்றேன். பத்து வருடத்தில் அவரிடம் நான் சொன்ன முதல் முழு உண்மை அதுவாகத்தான் இருக்கும்.

"சரி. நீங்க போய் பாருங்க. எக்ஸாமினர நான் பாத்துக்கிடுதேன்" என்று சொல்லி, சத்துணவு அடுக்களைக்கு ஆள் அனுப்பினார். புட்டும் பயறும், பின்னால் ஏத்தம்பழத்தை மாவில் தோய்த்துப் பொரித்த அப்பமும் தயாராக வேண்டும் என்று உத்தரவு.

நான் கறுப்பு ஜன்னலின் முன்னால் உட்கார்ந்தேன். இம்முறை யாரும் சுற்றி நின்று வியக்கவில்லை, லேகா டீச்சர் மட்டும் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். அப்டேட் செய்ய ஒரு கட்டளை உண்டு. செய்ததைத் திரும்பப் பெற அப்படி ஒற்றைக் கட்டளை எங்கள் லினக்ஸில் இல்லை என்பதை அன்றுதான் தெரிந்துகொண்டேன். ஆனால் நடந்ததை எல்லாம் அது ஒரு கோப்பில் எழுதி வைத்திருந்தது. எந்த பேக்கேஜ், முன்பு எந்த வெர்ஷன், இப்போது எந்த வெர்ஷன், எத்தனை மணிக்கு, எல்லாம் வரிசையாக. நான் பத்து வருடம் கற்பித்த வரலாற்றில் இத்தனை துல்லியம் இருந்ததில்லை. தேர்வு மென்பொருள் முறைத்துக்கொண்டது நாலே நாலு பேக்கேஜோடுதான் என்றும் கண்டுபிடித்தேன். நாலுக்கும் பழைய வெர்ஷன் எண்ணைக் குறித்து, அதைக் கொண்டுவா என்று தட்டினேன். கிடைக்கவில்லை என்றது. இணையத்தில் பழையதை எடுத்துவிட்டுப் புதியதை வைத்துவிட்டார்கள். அப்படியானால் லேப்டாப்பிலேயே ஓர் ஓரத்தில் நகல் இருக்குமே என்று அந்த இடத்தைத் திறந்தேன். காலி. நேற்று நான் துடைத்த சுத்தம் அப்படி.

"என்ன சாரே?" என்றார் லேகா டீச்சர்.

"குப்பைன்னு நெனச்சு பெருக்கிப்போட்டேன்."

"எதை?"

"மருந்தை" என்றேன்.

அந்த நேரம் வசந்தா டீச்சர் கதவருகே வந்து, "எக்ஸாமினர் வந்தாச்சு. புட்டு தின்னுதாரு" என்று சொல்லிவிட்டுப் போனார்.

பதற்றத்தில் எனக்கு ஒரு யோசனை வந்தது (பதற்றத்தில் வரும் யோசனையை அங்கேயே விட்டுவிட வேண்டும் என்று இப்போது தெரியும்). பழையதை வைக்க முடியாவிட்டால், புதியதையாவது எடுத்துவிட்டுப் பார்ப்போமே? கடைசி லேப்டாப்பில் அந்த நாலில் ஒன்றை நீக்கச் சொன்னேன். லினக்ஸ் மரியாதையாகத்தான் கேட்டது. இதை எடுத்தால் இதை நம்பியிருக்கிற இன்னின்னவையும் சேர்ந்து போகும் என்று ஒரு பெரிய பட்டியல் போட்டு, தொடரட்டுமா என்று கேட்டது. பட்டியலின் முதல் வரியைப் படித்தேன். கடைசி வரியைப் படித்தேன். சம்மதம் என்று தட்டிவிட்டேன்.

நடுவில் இருந்தவற்றில் முழுத் திரையும் அடக்கம். ஐகான், சுட்டி, பின்னால் இருந்த தென்னை மரப் படம், எல்லாம் போய்க் கறுப்புத் திரையில் ஒரு வெள்ளைக் கோடு மட்டும் மினுங்கிக்கொண்டிருந்தது. லேகா டீச்சர் மேசை துடைக்கும் துணியை எடுத்து அந்த லேப்டாப்பின் மேல் போர்த்தினார்.

"இப்ப மெஷின் பத்தாச்சு" என்றார்.

பத்து என்று அவர் சொன்னதும்தான் என் மூளை கணக்குப் போட்டது. மொத்தம் பன்னிரண்டு. நான் கைவைத்தது பதினொன்றில். பன்னிரண்டாவதில் நான் அப்டேட்டும் செய்யவில்லை, பெருக்கவும் இல்லை. பழைய பேக்கேஜ்கள் அதில் அப்படியே இருக்கும். ஓடிப்போய் வசந்தா டீச்சரை வெளியே கூப்பிட்டுக் கேட்டேன். தன் அறையில் லேப்டாப் எதுவும் இல்லை என்றார். "ரெண்டாவது அப்பம் ஆச்சு, பெட்டெண்ணு, சீக்கிரம் பாருங்க" என்றும் சொன்னார். அலமாரி, மேசைக்கு அடி, நூலகம், எங்கும் தேடினேன். களவு போயிருக்கிறது, போலீசில் சொல்ல வேண்டும் என்று நான் சொன்னபோது லேகா டீச்சர் தொண்டையைச் செருமினார்.

"சாரே, போலீஸ் ஒண்ணும் வேண்டாம். அது எனக்க வீட்டுல உண்டு."

எனக்குப் புரியவில்லை. அவர் சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "தங்கச்சிக்க கல்யாண நிச்சயம் வாற ஞாயிற்றுக்கிழமை. போட்டோ ஓட்டிக் காட்டதுக்கு கொண்டு போனேன். திரும்ப வைக்கலாம்னுதான் இருந்தேன்."

ஸ்டேப்ளர் ஞாபகம் எனக்கு வந்தது. பத்து நிமிடம் பேசியதில் ஒரு வார்த்தைகூட நான் மறந்திருக்கவில்லை. எத்தனையோ நாள் காத்திருந்த சந்தர்ப்பம் கைக்கு வந்திருக்கிறது. ஆனால் என் வாயில் வந்தது, "டீச்சரே, நீங்க நல்லா இருப்பீங்க" என்பதுதான். மனசாரச் சொன்னேன்.

அவர் வீட்டுக்கு ஃபோன் போட்டார். "அப்பா, அந்த லேப்டாப்ப எடுத்துட்டு ஒடனே ஸ்கூலுக்கு வரணும். ஒண்ணும் தொடண்டாம். அப்பிடியே மூடி எடுத்துட்டு வந்தா போதும்." அவர் அப்பா பூவாரில் சுற்றுலாப் படகு ஓட்டுகிறவர். படகுக்காரர் ஸ்கூட்டரில் வர முக்கால் மணி நேரம் ஆனது. அந்த முக்கால் மணி நேரத்தில் வசந்தா டீச்சர் எக்ஸாமினருக்குப் பள்ளித் தோட்டத்தைக் காட்டினார், மரச்சீனிக் கிழங்கு விளைவது பற்றிப் பேசினார், மூன்றாவது அப்பம் கொடுத்தார். நாலாவதை அவர் வேண்டாம் என்றாராம். வசந்தா டீச்சர் முகம் வாடியதைப் பார்த்து இரக்கப்பட்டுத் தின்றாராம்.

அப்பா வந்தார். கையில் மீன் வாங்கும் பெரிய பிளாஸ்டிக் பை. வீட்டில் இருந்ததிலேயே உறுதியான பை அதுதானாம். அதற்குள் லேப்டாப். அறை முழுக்க சாளை வாசம்.

"இதுல ஆருடே அந்த கம்ப்யூட்டர் சார்?" என்று கேட்டார். நான் கையைத் தூக்கினேன். என்னைத் தலையிலிருந்து கால்வரை பார்த்துவிட்டு, "எங்க வள்ளத்துல எஞ்சின் ஓடிட்டிருந்தா நாங்க அத கழத்த மாட்டோம், கேட்டீரா" என்றார்.

ஒன்றும் தொடாமல் அப்படியே மூடி எடுத்து வரச் சொன்னார்கள் அல்லவா? சொன்னதைச் சொன்னபடி செய்திருந்தார். முந்தின நாள் ஒத்திகை பார்த்து அப்படியே மூடி வைத்திருந்த லேப்டாப் அது. நான் திறந்த உடனே தூங்கி எழுந்து, விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தது. நாதஸ்வரம் முழங்க, பட்டுப் பாவாடையில் லேகா டீச்சரின் தங்கை ரோஜாப்பூ மழைக்கு நடுவில் சுழன்று சுழன்று வந்தாள். சத்தத்தை எப்படிக் குறைப்பது என்று நான் தடுமாறும்போது கதவைத் திறந்துகொண்டு எக்ஸாமினர் நுழைந்தார், பின்னால் வசந்தா டீச்சர்.

எக்ஸாமினர் திரையைப் பார்த்தார். மீன் பையைப் பார்த்தார். துணி போர்த்திக் கிடந்த லேப்டாப்பைப் பார்த்தார். "இது என்ன?" என்று கேட்டார்.

"ஸ்லைடு ஷோ" என்றார் வசந்தா டீச்சர், கொஞ்சமும் முகம் மாறாமல். "பத்தாம் கிளாஸ் பாடத்துல உள்ளதாக்கும்."

"கொள்ளாம்" என்று மெச்சினார் எக்ஸாமினர். நாலு அப்பம் தின்ற மனிதருக்கு அதற்குமேல் கேள்வி எழவில்லை. ஒரு நாற்காலியில் உட்கார்ந்து மேளத்துக்குத் தாளம் போட ஆரம்பித்தார்.

பன்னிரண்டாம் நம்பரின் ஓரத்தில் நாலு பழைய பேக்கேஜும் பத்திரமாக இருந்தன. பென் டிரைவில் ஏற்றி, ஒவ்வொரு லேப்டாப்பாகப் போய்ப் போட்டேன். புதியதிலிருந்து பழையதற்கு இறங்குகிறேன், பார்த்துக்கொள் என்று லினக்ஸ் ஒவ்வொரு முறையும் எச்சரித்தது. அன்றைக்கு நான் ஒரு வரி விடாமல் படித்தேன், நடு வரிகளைக்கூட. முதல் லேப்டாப்பில் தேர்வு மென்பொருளைத் திறந்தேன். திறந்தது. மூடவில்லை. கேள்விகள் தமிழில் வந்து நின்றன. அப்போது எனக்கு உண்மையாகவே அழுகை வந்தது, தும்முவதுபோல நடித்துச் சமாளித்தேன்.

பத்தே முக்காலுக்குப் பத்துப் பிள்ளைகளும் பத்து லேப்டாப்பின் முன்னால் உட்கார்ந்தார்கள். விடியுமுன் எழுந்து படித்த பெண்பிள்ளை பன்னிரண்டாம் நம்பர்தான் வேண்டும் என்று கேட்டு உட்கார்ந்தது. வராந்தாவிலிருந்து பார்த்த படம் நல்லா இருந்ததாம். அத்தனை பேரும் நன்றாகவே எழுதினார்கள். எக்ஸாமினர் போகும்போது, இந்தப் பள்ளியில் எல்லாம் முறையாக நடக்கிறது என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டார். அவரும் படித்துப் பார்த்த மாதிரி தெரியவில்லை.

சாயங்காலம் வசந்தா டீச்சர் எங்கள் இரண்டு பேரையும் அறைக்குக் கூப்பிட்டார். மேசையில் அந்தச் சர்க்குலர்.

"சார், மூணாம் பக்கம். ஏழாவது வரி. கொஞ்சம் ஒறக்க வாசியுங்க."

எழுத்துக்கூட்டி வாசித்தேன். தேர்வு முடியும்வரை எந்தக் கணினியிலும் எந்த அப்டேட்டும் செய்யக்கூடாது என்று அடிக்கோடிட்டு எழுதியிருந்தது. கீழே, வாசித்துப் புரிந்துகொண்டேன் என்பதற்கு அடையாளமாக, என் அழகான கையெழுத்து.

வசந்தா டீச்சர் என்னைத் திட்டவில்லை. லேகா டீச்சர் பக்கம் திரும்பினார். "டீச்சரே, லேப்டாப்ப வீட்டுக்குக் கொண்டு போனதுக்கு நான் என்ன எழுதணும்?"

லேகா டீச்சர் சர்க்குலரை வாங்கி ஒரு தாளைத் திருப்பினார். "நாலாம் பக்கம் பாருங்க டீச்சர். ஒரு மெஷின ஒண்ணும் செய்யாம தனியே பத்திரமா வைக்கணும்னு உண்டு. எங்க வைக்கணும்னு சொல்லல்ல."

வசந்தா டீச்சர் கண்ணாடியைக் கழற்றினார். அப்புறம் சிரிக்க ஆரம்பித்தவர், கண்ணில் தண்ணீர் வரும்வரை நிறுத்தவில்லை. ஓய்வுபெறுகிற நாளில் அவர் எனக்குக் கொடுத்த பரிசு, அந்த மூன்றாம் பக்கத்தின் நகல், கண்ணாடி போட்டுச் சட்டம் அடித்தது. லேகா டீச்சருக்கு நாலாம் பக்கம். இரண்டும் இப்போது ஒரே சுவரில் தொங்குகின்றன, எங்கள் வீட்டு முன்னறையில்.

ஆம், அதுதான். லேகா டீச்சரை இவ்வளவு நேரம் அவர், இவர் என்று எழுதியதற்குக் காரணம், அன்றைக்கு அப்படித்தான் அழைத்தேன். இன்னொரு காரணம், இதை முதலில் படித்து, எல்லாப் பக்கமும் படித்து, கையெழுத்துப் போடப்போவது அவள்தான். பெண் கேட்டுப் போனபோது வசந்தா டீச்சர் முன்னால் நடந்தார். படகுக்கார அப்பா என்னைப் பார்த்து, "ஓடிட்டிருக்குத எஞ்சின கழத்தாம இருப்பீரா?" என்று ஒரே கேள்விதான் கேட்டார். இருப்பேன் என்றேன்.

பஞ்சாயத்து அலுவலகத்தில் கல்யாணத்தைப் பதிவு செய்யப் போனோம். அதிகாரி தாள்களை நீட்டினார். பழக்கதோஷத்தில் நான் பேனாவோடு குனிந்தேன். அவள் தாளின் மேல் கையை வைத்தாள்.

"படிச்சிட்டு ஒப்பிடணும் சாரே. இதுக்கு பழைய வெர்ஷன் எங்கயும் கிட்டாது."

பின்னால் வரிசையில் நின்றவர்கள் முணுமுணுக்க, நான் எழுத்துக்கூட்டி எல்லாப் பக்கமும் படித்தேன். முதல், கடைசி, நடு, ஒன்று விடவில்லை. மறுப்பதற்கு ஒரு வரிகூட இல்லாததால் சந்தோஷமாகக் கையெழுத்துப் போட்டேன்.

வெளியே வந்து ஆட்டோவில் ஏறியபிறகு மெல்லச் சொன்னாள், அந்த லேப்டாப்பை அவள் வீட்டுக்குக் கொண்டுபோனது, அந்த நாலாம் பக்கம் உள்ள சர்க்குலர் வருவதற்கே இரண்டு நாள் முன்னாலாம்.